காப்புப்பிரதிக் கருவியும் உடனிகழ் இயக்கமும்

ஒரே படியுள்ள ஏடு பாதி அழிந்த ஏட்டிற்குச் சமம் என்பதை ஏடு காத்த முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலை நூல்கள் காலந்தோறும் புதிய ஓலைகளிற் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமையாலேயே அவற்றுட் பல பிற்காலத்தார் கைக்கு எட்டின. இக்காலத்தில் ஓலையின் இடத்தைக் கணினியின் வட்டுப் பெற்றுள்ளது. பெயர்த்தெழுதுவோர் இடத்தைச் செய்நிரல் பெற்றுள்ளது. ஆயினும் வட்டும் ஓலையைப் போன்று அழியும் இயல்பினதே. ஆதலின், உள்ளதைப் பிறிதோரிடத்திற் பெயர்த்து வைத்து, வேண்டியபோது மீட்டுத் தருதற்கெனச் சில செய்நிரல்கள் ஆக்கப்பட்டுள்ளன. அவை காப்புப்பிரதிக் கருவிகள் எனப்படும்.

இத்தகைய கருவிகளுட் பல பைதன் என்னும் கணினிமொழியில் எழுதப்பட்டவை. கைடோ வான் றொசம் என்பார் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வு நிலையமொன்றிற் பணியாற்றிய காலத்தில் ஆக்கி, 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழி, எளிமையும் தெளிவும் உடைமையாற் பலராலும் விரும்பப்படுவது. டூப்ளிசிட்டி, ஆர்டிஃப்-பேக்கப், போர்க்-பேக்கப் என்பன இம்மொழியில் அமைந்த காப்புப்பிரதிக் கருவிகளுட் சில. பைதன் மொழியின் இரண்டாம் பதிப்பிற்குரிய ஆதரவு 2020 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் நாளுடன் முடிவெய்தியது. அதனாற் பழைய கருவிகளைப் பேணுவோர் அவற்றை மூன்றாம் பதிப்பிற்கேற்பத் திருத்த வேண்டியவராயினர். ஆர்டிஃப்-பேக்கப் அவ்வாறு திருத்தப்பெற்று, அதன் 2.0 பதிப்பு 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பழைய வீட்டின் கூரையை மாற்றப் புகுந்தவன் அறைகளையும் விரிக்க எண்ணுதல் இயல்பு. அவ்வாறே மொழியின் பதிப்பை மாற்றியோர்க்கு மற்றொரு வினாவும் எழுகின்றது. இதுகாறும் ஒருவேளையில் ஒரு தொழிலையே செய்துவந்த கருவியை, ஒரே வேளையிற் பல தொழில்களைச் செய்யுமாறு அமைத்தல் தகுமா? தகுமெனின் எவ்வழியால்? பல தொழில்கள் காலத்தால் ஒன்றன்மேலொன்று படிந்து நடைபெறுதல் உடனிகழ் இயக்கம் எனப்படும். இன்றைய கணினியின் செயலியிற் கரு எனப்படும் பகுதிகள் நான்கோ, எட்டோ, அதற்கு மேலோ உள்ளன. ஒரு கருவி அவற்றுள் ஒன்றினையே பயன்படுத்துமாயின் ஏனையவை வாளாவிருக்கும். 2015 ஆம் ஆண்டில் அட்டிக் என்னும் கருவியினின்று கிளைத்து, இன்று பலராலும் கையாளப்படும் போர்க்-பேக்கப்பின் முதலாந் தொடர்ப் பதிப்புகளும் காப்புப்பிரதி எடுக்கும் தொழிலை ஒற்றை இழையிலேயே செய்வன. அக்கருவியின் அமைப்பை உற்றுநோக்குவார்க்கு இவ்வினா தோன்றுமளவுக்கு எளிதன்று என்பது விளங்கும்.

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன் அறியவேண்டியன இரண்டு. கருவியின் காலம் எங்கே செலவாகின்றது என்பது ஒன்று. எத்தொழில்கள் ஒழுங்குமுறை பிறழாது நடைபெறவேண்டியன என்பது மற்றொன்று. முன்னது விரைவைப் பற்றியது. பின்னது நம்பகத்தைப் பற்றியது. பின்னதை விடுத்து முன்னதை மட்டும் நோக்கித் தெரிந்த வழி, காப்புப்பிரதிக் கருவிக்குப் பெருங்கேடாய் முடியும்.

கருவியின் தொழிற்பகுதிகள்

தொழிலைப் பகுத்தறியாது வழியைத் தெரிதல் நோயை அறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும். போர்க்-பேக்கப் காப்புப்பிரதி எடுக்குமிடத்து நிகழ்வன பின்வருமாறு. முதற்கண், அது கோப்பகங்களினூடு சென்று கோப்புகளைக் காண்கின்றது. முன்னொருமுறை எடுத்தபின் மாறாத கோப்புகளை அவற்றின் அளவு, நேரம் முதலிய குறிப்புகளால் அறிந்து, மீளப் படியாது விடுகின்றது. மாறிய கோப்பைப் படித்துத் துண்டுகளாக்குகின்றது. இத்துண்டுகள் அளவுகோல் வைத்து ஒரே நீளமாக வெட்டப்படுவன அல்ல. கோப்பின் உள்ளடக்கமே எல்லையை வகுக்கின்றது. ஆதலால் நீண்ட கோப்பொன்றின் தொடக்கத்திற் சில எழுத்துகள் புகுத்தப்படினும், பின்னுள்ள துண்டுகள் பெரும்பாலும் முன்போலவே அமையும். இயல்பான அமைப்பில் ஒரு துண்டின் சராசரி அளவு ஏறத்தாழ 2 மெகாபைற்று ஆகும்.

அதன்பின், ஒவ்வொரு துண்டிற்கும் அதன் உள்ளடக்கத்தினின்று ஹாஷ் என்னும் அடையாள எண் கணிக்கப்படுகின்றது. அவ்வெண் அட்டவணையில் முன்னரே உளதாயின், அத்துண்டு மீளச் சேமிக்கப்படுவதில்லை; குறிப்பு மட்டுமே எழுதப்படும். இலதாயின், துண்டு சுருக்கப்பட்டு, மறைக்குறியாக்கப்பட்டுக் களஞ்சியத்தின் இறுதியிற் சேர்க்கப்படும். எல்லாம் முடிந்தபின், இதுவரை எழுதியது உறுதியென முத்திரையிடுவது போன்று ஒரு முடிவுக்குறி எழுதப்படும். இடையில் மின்சாரம் நின்று கணினி வீழ்ந்தால், இறுதி முடிவுக்குறிக்குப் பின் எழுதப்பட்டவை கழிக்கப்பட்டு, களஞ்சியம் முன்னைய நிலைக்கு மீளும்.

இத்தொழில்களை மூன்று வகையுள் அடக்கலாம். கோப்பைப் படித்தலும், வலையமைப்பின் வழியே அனுப்புதலும் காத்திருக்கும் தொழில்கள். இவற்றிற் செயலி பெரும்பாலும் சோம்பியிருக்க, வட்டோ வலையமைப்போ காலத்தை எடுத்துக்கொள்ளும். அடையாள எண் கணித்தல், சுருக்குதல், மறைக்குறியாக்கல் என்பன கணிக்கும் தொழில்கள். இவை செயலியையே வேண்டி நிற்பன. அட்டவணையைப் பார்த்தல், குறிப்பெழுதல், முடிவுக்குறியிடல் என்பன கணக்கெழுதும் தொழில்கள்; இவை ஒழுங்கு தவறாது நடைபெறவேண்டியன. இம்மூன்றும் ஒரே கருவியில் விரவி நிற்பதே வழி தெரிதலை அரிதாக்குகின்றது.

மூவகை வழிகள்

பைதன் மொழி உடனிகழ் இயக்கத்திற்கு வகுத்த வழிகள் சிறப்பாக மூன்று. திருவிழாக் காலத்து அன்னதான மடைப்பள்ளியை நினைப்பார்க்கு இவை எளிதில் விளங்கும். ஒரு சமையற்காரர் மூன்று அடுப்புகளை மூட்டி, ஒன்றில் உலை கொதிக்கும்வரை மற்றொன்றிற் கறியைக் கிளறி, எதிலும் வெறிதே காத்திராது சுற்றிவருதல் ஒரு வழி. ஒரே மடைப்பள்ளியிற் பலர் நின்று பொதுப் பாத்திரங்களையும் பொருள்களையும் பகிர்ந்து சமைத்தல் இரண்டாவது வழி. வெவ்வேறு மடைப்பள்ளிகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் தமக்குரிய பாத்திரங்களுடன் சமைத்தல் மூன்றாவது வழி.

முதலாவது ஏசிங்க்-ஐஓ என்னும் நூலகத்தால் அமைவது. அது 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த 3.4 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. இரண்டாவது இழைகளால் அமைவது. மூன்றாவது தனித்தனிச் செயன்முறைகளால் அமைவது. அதற்குரிய மல்ட்டிபுரொசெசிங் நூலகம் 2008 ஆம் ஆண்டின் 2.6 பதிப்பில் இடம்பெற்றது. இழைகளையும் செயன்முறைகளையும் ஒரே முறையிற் கையாளுதற்கு உதவும் கொன்கறன்ற்-பியூச்சர்ஸ் என்னும் நூலகம் 2011 ஆம் ஆண்டின் 3.2 பதிப்பில் வந்தது.

இழைகளைப் பற்றிப் பேசுமிடத்துப் பொதுப்பூட்டு ஒன்றினைக் குறிப்பிடாது விடுதல் இயலாது. பைதனில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்னும் எண்ணிக்கையை உடன்கொண்டிருக்கும். எண்ணிக்கை சுழியமானால் அப்பொருள் நினைவகத்தினின்று நீக்கப்படும். இரண்டு இழைகள் ஒரே கணத்தில் அவ்வெண்ணிக்கையை மாற்றப் புகுமாயின் கணக்குப் பிழைபடும். அதனைத் தடுத்தற்குப் பைதன் கட்டளைகளை எக்கணத்தும் ஓர் இழையே இயக்கலாம் என்னும் விதி வகுக்கப்பட்டு, அவ்விதியைக் காக்கப் பொதுப்பூட்டு இடப்பட்டது. மடைப்பள்ளியிற் பலர் நிற்பினும் அகப்பை ஒன்றே என்பது இதன் பொருள். 3.2 பதிப்பிலிருந்து, பூட்டை வைத்திருக்கும் இழை, மற்றோர் இழை காத்திருக்குமாயின், 5 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அதனை விட்டுக்கொடுக்குமாறு கேட்கப்படுகின்றது.

இதுகொண்டு, பைதன் இழைகளாற் பயனில்லை என்று பலர் கூறுவர். அக்கூற்றுக் காப்புப்பிரதிக் கருவியைப் பொறுத்தவரை முழுதும் பொருந்துவதன்று. வட்டையோ வலையமைப்பையோ எதிர்நோக்கி நிற்கும் இழை பொதுப்பூட்டை விடுவித்துவிட்டே காத்திருக்கும். இன்னும், சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்கள் தம் கணிப்பைச் செய்யும்போதும் பூட்டை விடுவித்தல் கூடும். பைதனின் ஹாஷ்லிப் நூலகம் 2047 பைற்றுக்கு மேற்பட்ட தரவிற்கு அடையாள எண் கணிக்கும்போது பூட்டை விடுவிக்கின்றது. இசட்-லிப் நூலகமும் சுருக்கும்போது அவ்வாறே செய்கின்றது. 2 மெகாபைற்று அளவுள்ள துண்டுகளை எண்ணிப் பார்த்தால், கருவியின் கடும்பணியிற் பெரும்பகுதி பூட்டிற்கு வெளியேதான் நடைபெறக்கூடும் என்பது தெளிவு. அகப்பை ஒன்றாயினும், அம்மியும் உரலும் பலவாக இருப்பதை இது ஒக்கும்.

ஆயினும் இங்கு ஒரு வரம்பு உண்டு. ஆயிரமாயிரம் சிறு கோப்புகளே நிறைந்த கோப்பகத்திற் கணிப்புக் குறைவு. கோப்பின் பெயர், உரிமை, நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பைதன் கட்டளைகளே மிகுதி. அவை பூட்டிற்கு உள்ளேயே நடைபெறுவன. அவ்விடத்து இழைகளைப் பெருக்குதலாற் கணிப்பு விரைவெய்தாது. அன்றியும், கருவியை ஆக்கியோர் தாமே சி மொழியிலோ சைதன் மொழியிலோ எழுதிச் சேர்த்த பகுதிகள், பூட்டை விடுவிக்குமாறு எழுதப்பட்டிருந்தாலன்றித் தாமாக விடுவிப்பன அல்ல. ஆகவே எப்பகுதி விடுவிக்கின்றது, எப்பகுதி விடுவிக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தறிதல் வேண்டும்.

அளந்தறிதல்

ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கருவியின் காலம் எங்கே செலவாகின்றது என்பதை ஊகத்தால் முடிவுசெய்தல் தகாது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் டைம் என்னும் கட்டளை உண்டு. அது கடிகாரப்படி கழிந்த நேரத்தையும், செயலி உழைத்த நேரத்தையும் வேறுவேறாகக் காட்டும். கடிகாரம் 100 நிமிடம் காட்ட, செயலி 95 நிமிடம் உழைத்திருப்பின், அத்தொழில் கணிப்பால் நீள்கின்றது. செயலி 15 நிமிடமே உழைத்திருப்பின், எஞ்சிய காலம் காத்திருத்தலிற் கழிந்தது. இந்த ஓர் அளவே பாதி விடையைத் தந்துவிடும்.

காத்திருத்தலால் நீள்வதெனக் கண்டபின்னரும் எதற்காகக் காத்திருக்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுழல ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் படிப்புத்தலையின்கீழ் வருதற்குச் சராசரியாக அதிற் பாதி கழியும். தலை இடம்பெயரும் நேரம் அதற்கு மேலும் உண்டு. அத்தகைய வட்டிலிருந்து எட்டு இழைகள் எட்டுக் கோப்புகளை ஒருங்கே படிக்கப் புகுந்தால், தலை அங்குமிங்கும் அலைந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தலினும் காலம் நீளுதல் கூடும். சுழலும் பகுதியற்ற திண்மநிலை வட்டிலோ பல வேண்டுகோள்கள் ஒருங்கே வருதல் நன்மையே தரும். ஆகவே ஒரு கணினியில் விரைவு தந்த இழைத்தொகை மற்றொரு கணினியில் தாமதத்தைத் தரலாம். அத்தொகையைச் செய்நிரலில் நிலையாக எழுதிவிடாது, பயன்படுத்துவோர் மாற்றத்தக்கதாக வைத்தலே முறை.

விரைவிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஓர் எடுத்துக்காட்டாக, 100 நிமிடம் எடுக்கும் தொழிலில் 60 நிமிடம் பகிர்ந்து செய்யத்தக்க கணிப்பு எனவும், 40 நிமிடம் ஒருவரே செய்யவேண்டிய கணக்கெழுத்து எனவும் கொள்க. கணிப்பை நால்வர் பகிர்ந்தால் 15 நிமிடமாகும்; முழுத்தொழில் 55 நிமிடத்தில் முடியும். அறுபது பேர் பகிர்ந்தாலும் 41 நிமிடத்திற் குறையாது. இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேலொன்று படிந்து நடைபெறுமாறு அமைப்பினும் அந்த 40 நிமிடம் எஞ்சியே நிற்கும். ஆதலால் இழைகளைப் பெருக்குவதிலும், ஒருவர் கையில் நிற்கும் தொழிலைச் சுருக்குவது சில வேளைகளில் மிகுந்த பயன் தரும்.

வழியைத் தெரிதல்

இவற்றை மனத்திற்கொண்டு மூன்று வழிகளையும் ஒப்புநோக்கலாம். ஏசிங்க்-ஐஓ வழி, ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான வலைத்தொடர்புகளைத் திறந்துவைத்து, எதிலிருந்து விடை வருகின்றதெனப் பார்த்திருக்கும் தொழிலுக்கு மிகப் பொருத்தமானது. தொலைவிலுள்ள களஞ்சியமொன்றிற்குப் பல சிறு பொதிகளை அனுப்பும் கருவிக்கு அது நன்மை பயக்கும். ஆயின், உள்ளூர் வட்டிலுள்ள சாதாரணக் கோப்பைப் படித்தற்கு அந்நூலகம் தனிவழி எதனையும் தரவில்லை. அவ்வாறு படிக்கும் கட்டளையை நேரே எழுதினால், அது முடியும்வரை ஏனைய அனைத்தும் நின்றுவிடும். ஒரு சமையற்காரர் மூன்று அடுப்பையும் விட்டு அம்மியில் அமர்ந்ததை அது ஒக்கும். அதனைத் தவிர்த்தற்கு அப்படித்தலை ஓர் இழையிடம் ஒப்படைக்க வேண்டும். இழையே வேண்டுமெனின் முதலிலேயே இழையைத் தெரிதல் எளிதன்றோ? இன்னும், ஏசிங்க்-ஐஓ வழிக்கு மாற்றும்போது, ஒரு பணியை அவ்வழியில் எழுதினால் அதனை அழைக்கும் பணிகளையும் அவ்வழியிலேயே எழுதவேண்டி நேரும். பழைய கருவியைச் சிறிது சிறிதாகத் திருத்த விரும்புவோர்க்கு இது பெருஞ்சுமை.

செயன்முறைகளைப் பிரித்தல், பொதுப்பூட்டை முழுதும் விலக்கும். ஒவ்வொரு செயன்முறைக்கும் தனிப்பூட்டு இருத்தலின், பைதன் மொழியிலேயே எழுதப்பட்ட கடுங்கணிப்பு உளதாயின் இவ்வழியே தக்கது. ஆயினும் மடைப்பள்ளிகள் வேறாதலின், பொருள்களைச் சுமந்து செல்ல வேண்டும். 2 மெகாபைற்றுத் துண்டு ஒவ்வொன்றையும் பொதிந்து, குழாய்வழி அனுப்பி, அங்கே பிரித்தெடுத்து, விடையை மீள அனுப்புதலிற் காலமும் நினைவகமும் செலவாகும். பகிர்நினைவகத்தால் இச்செலவைக் குறைக்கலாமாயினும் அமைப்புச் சிக்கலடையும். இழைகள் ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை யூனிக்ஸ் முறையில் இரட்டித்தால், புதிய செயன்முறையில் இரட்டித்த இழை ஒன்றே உயிருடன் இருக்கும். பிற இழைகள் அக்கணத்திற் பிடித்திருந்த பூட்டுகள் திறப்பாரின்றி என்றும் பூட்டியே கிடக்கும். இவ்விடரை முன்னிட்டே, 2025 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த 3.14 பதிப்பில், லினக்ஸ் இயங்குதளத்திற்கு அம்முறை இயல்பான தெரிவு என்னும் நிலையிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே, பெருந்துண்டுகளைக் கையாள்வதும், கடுங்கணிப்பைச் சி நூலகங்களிடம் ஒப்படைப்பதுமாகிய காப்புப்பிரதிக் கருவிக்கு, அளவான இழைத்தொகுதியே முதலில் தெரியத்தக்க வழி எனலாம். பழைய செய்நிரலின் நடையை அது பெரிதும் மாற்றாது. துண்டுகளைச் சுமந்து திரியவும் வேண்டாம். எதிர்காலத்தும் இவ்வழி பயன் தருவது. பொதுப்பூட்டு இல்லாத பைதன் 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 3.13 பதிப்புடன் பரிசோதனை நிலையில் வெளிவந்து, 3.14 பதிப்பில் முறைப்படி ஆதரவு பெற்றது. அப்பதிப்புகளில் அது இயல்பாகக் கிடைப்பதன்று, வேறாகப் பெறவேண்டியது. அதற்கேற்பத் திருத்தப்படாத சி நூலகமொன்றை அதிற் சேர்த்தால், பொதுப்பூட்டு மீளவும் இடப்படும். எனினும், இழைகளால் ஒழுங்காக அமைக்கப்பட்ட கருவி, பூட்டு நீங்கிய நாளிற் பெருமாற்றமின்றி அப்பயனை அடையும்.

ஒழுங்கும் பொறுப்பும்

இதுகாறும் கூறியவை விரைவைப் பற்றியன. இனி நம்பகத்தைப் பற்றி நோக்குதல் வேண்டும். இணையப் பக்கமொன்றை விரைந்து காட்டும் செய்நிரல் எப்போதாவது பிழைப்பின், பார்ப்பவர் அக்கணமே அறிந்து மீளவும் கேட்பர். காப்புப்பிரதிக் கருவி பிழைத்தால் அப்பிழை அன்று தோன்றாது. மூலப்பொருள் அழிந்து, மீட்டெடுக்க முற்படும் நாளிலேயே தோன்றும். அன்று திருத்துதற்கு எதுவும் எஞ்சியிராது. உடனிகழ் இயக்கத்தால் விளையும் பிழைகளோ பெரும்பாலும் ஆயிரத்தில் ஒருமுறை நேர்ந்து, மீள முயலும்போது மறைந்து நிற்பன. இவ்விரண்டும் ஒருங்கு சேர்தலே அஞ்சத்தக்கது.

அட்டவணையை எடுத்துக்கொள்க. இரு கோப்புகளில் ஒரே துண்டு உளது. இரண்டு இழைகள் ஒரே கணத்தில் அட்டவணையைப் பார்த்து, இருவரும் இல்லையெனக் கண்டு, இருவரும் சேமித்து, இருவரும் குறிப்பெழுதுவர். ஒரு துண்டு இருமுறை சேமிக்கப்படுதல் இடச்செலவு மட்டுமே. ஆயின், எத்தனை பிரதிகள் இத்துண்டை வேண்டுகின்றன என்னும் எண்ணிக்கை ஒன்று குறைவாக எழுதப்படுமாயின், பின்னொருநாட் பழைய பிரதியை நீக்கும்போது, இன்னும் வேண்டப்படும் துண்டும் நீங்கிவிடும். பார்த்தலும் எழுதலும் ஒரே செயலாக, இடையீடின்றி நடைபெறல் இன்றியமையாதது. இங்குப் பொதுப்பூட்டு உதவுமென எண்ணுதல் தவறு. அது பைதனின் உட்கணக்கைக் காப்பதேயன்றிக் கருவியின் கணக்கைக் காப்பதன்று.

மறைக்குறியாக்கத்தில் இடர் இன்னும் நுண்ணியது. போர்க்கின் முதலாந் தொடர் ஏ.இ.எஸ் என்னும் முறையை எண்ணிவழியில் வழங்குகின்றது. அவ்வழியில், ஒரே திறவுகோலுடன் ஒரே எண் இரு வேறு துண்டுகளுக்கு வழங்கப்படல் ஆகாது. வழங்கப்பட்டால், மறைபொருள்கள் இரண்டையும் ஒப்பிட்டு, மூலப்பொருள்களிடையே உள்ள தொடர்பைப் பிறர் அறிய இடமுண்டாகும். ஓர் இழை மட்டும் உள்ள கருவியில் எண் தானாகவே ஏறிச்செல்லும். பல இழைகள் தத்தமக்கு எண் எடுத்துக்கொள்ளும் கருவியில் ஒரே எண் இருவர்க்குக் கிடைத்தல் கூடும். எண்ணை ஒருவர் வழங்கி, கணிப்பைப் பலர் செய்தல் இதற்குப் பரிகாரம்.

மூன்றாவதாகக் கூறத்தக்கது முடிவுக்குறி. துண்டுகள் யாவும் எழுதி முடிந்தபின்னரே முடிவுக்குறி எழுதப்படவேண்டும். ஏழு இழைகள் முடித்து, எட்டாவது இழை இன்னும் எழுதிக்கொண்டிருக்கையில் முடிவுக்குறி விழுந்தால், முழுமையற்ற பிரதி முழுமையானதெனப் பொய்ச்சான்று பெற்றுவிடும்.

நான்காவது, ஓசையின்றி மறையும் பிழை. கொன்கறன்ற்-பியூச்சர்ஸ் நூலகத்தில் ஓர் இழையிடம் ஒப்படைத்த பணி பிழைத்தால், அப்பிழை பணியின் விடையைக் கேட்கும்போதே வெளிப்படும். விடையைக் கேளாது விட்டால் பிழையும் வெளிப்படாது. ஒரு கோப்புப் படிக்கப்படாமலே போக, கருவியோ யாவும் செவ்வனே முடிந்தன என அறிவித்து நிற்கும். ஒற்றை இழையில் எழுதிய பழைய செய்நிரல் இவ்வாறு மறைத்திராது. பிழை கண்ட இடத்திலேயே நின்றிருக்கும். ஆதலால் ஒப்படைத்த ஒவ்வொரு பணியின் விடையையும் கேட்டுப் பெறுதல் விதியாதல் வேண்டும்.

ஐந்தாவது, எல்லையற்ற வரிசை. அந்நூலகத்திற் பணிகளை ஒப்படைக்கும் வரிசைக்கு எல்லை வகுக்கப்படவில்லை. கோப்புகளைப் படிக்கும் இழை விரைவாகவும், களஞ்சியத்திற்கு எழுதும் இழை மெதுவாகவும் இருப்பின், இடையில் துண்டுகள் குவிந்து நினைவகத்தை நிரப்பும். 2 மெகாபைற்றுத் துண்டுகள் ஐயாயிரம் குவிந்தால் ஏறத்தாழ 10 கிகாபைற்று ஆகும். வரிசைக்கு எல்லையிட்டு, அது நிரம்பியபோது படிக்கும் இழை நின்று காத்திருக்குமாறு செய்தல் வேண்டும்.

இவ்வைந்து இடர்களுக்கும் பொதுவான பரிகாரம் ஒன்றுண்டு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்போர் பலர். சில்லுக்குக் கட்டை இடும் இடம் ஒருவர் பொறுப்பிலேயே விடப்படும். அவ்வாறே, ஒழுங்கு வேண்டாத தொழில்களைப் பல இழைகளிடம் விடுத்து, ஒழுங்கு வேண்டும் தொழில்களை ஓர் இழையின் பொறுப்பில் வைத்தல் வேண்டும். அடையாள எண் கணித்தல், சுருக்குதல் என்பன எவ்வரிசையில் நடைபெறினும் விடை மாறாதன. அவற்றைப் பலர் செய்க. அட்டவணை, மறைக்குறியாக்கத்திற்குரிய எண், களஞ்சியத்தில் எழுதுதல், முடிவுக்குறி என்பவற்றை ஒருவரே செய்க. அவ்வொருவர் பலரிடமிருந்தும் வரும் விடைகளை ஒப்படைத்த வரிசையிலேயே பெறுவாராயின், எக்கணத்தும் எதுவரை உறுதியாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்னும் வினாவிற்கு ஒரே விடை இருக்கும்.

திருத்தும் முறை

பழைய கருவியை இவ்வழியிற் கொண்டுசெல்ல விரும்புவோர் ஒரே நாளில் யாவற்றையும் மாற்றுதல் தகாது. முதலில் மொழியின் பதிப்பை மட்டும் மாற்றி, பழைய பிரதிகளிலிருந்து கோப்புகள் பிழையின்றி மீள்கின்றனவா எனச் சோதித்தல் வேண்டும். அடுத்து, ஒற்றை இழையிலேயே, படித்தல், கணித்தல், எழுதல் என்னும் பகுதிகளை ஒன்றோடொன்று கலவாது பிரித்தல் வேண்டும். இப்பிரிவே பணியின் அரிய பகுதி. இது செவ்வனே நிறைவேறினால் எவ்வழியையும் பின்னர்ப் பொருத்தலாம். அதன்பின் காலத்தை அளந்து, மிகுதியாகக் காலம் கொள்ளும் ஒரு பகுதிக்கு மட்டும் இழைகளை வழங்கி, மீளவும் அளத்தல் வேண்டும். பயன் காணப்படாவிடின் அம்மாற்றத்தைக் கைவிடுதலே நன்று. பயனற்ற இழை ஒவ்வொன்றும் பிழை புகுதற்கு ஒரு வாயிலாகும்.

இறுதியாக, இழைத்தொகை ஒன்றென வைத்து ஒரு பிரதியும் எட்டென வைத்து ஒரு பிரதியும் எடுத்து, இரண்டையும் வேறிடங்களில் மீட்டு, கோப்பிற்குக் கோப்பு ஒப்பிடுதல் வேண்டும். தொழிலின் நடுவே செயன்முறையை வலிந்து நிறுத்திவிட்டு, களஞ்சியம் முன்னைய முடிவுக்குறிக்கு மீள்கின்றதா எனவும் பார்த்தல் வேண்டும். படிக்க உரிமையில்லாத கோப்பொன்றை வேண்டுமென்றே இடையில் வைத்து, கருவி அதனை வாய்விட்டுச் சொல்கின்றதா எனவும் அறிதல் வேண்டும். இம்மூன்று சோதனைகளிலும் தேறாத கருவி எத்துணை விரைவுடையதாயினும், அதனை நம்பி மூலப்பொருளைக் கைவிடலாகாது. தேறிய கருவி அரைமணி நேரம் தாமதித்தாலும், வட்டு அழிந்த நாளில் அத்தாமதத்தை எவரும் நினைத்துப் பாரார்.